திண்மநிலை இயற்பியல்: கணக்கு வருகிறது, பொருள் பிடிபடவில்லை

கோத்தகிரி_மாணவி | ஞாயிறு, இரவு 8.50

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கோத்தகிரியிலிருந்து தினமும் ஊட்டிக்குப் பஸ்ஸில் போய் வருகிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி.

இந்தப் பருவத்தில் திண்மநிலை இயற்பியல் இருக்கிறது. லேட்டிஸ் என்பது படிகத்தில் அணுக்கள் அடுக்கியிருக்கும் ஒழுங்கான புள்ளிச் சட்டகம். எஃப்.சி.சி.யின் (முக மையக் கனசதுரம்) ரெசிப்ரோக்கல் லேட்டிஸ் பி.சி.சி. (உடல் மையக் கனசதுரம்) என்று மூன்று வெக்டர்களைப் பெருக்கி நிறுவிவிடுவேன். தேர்வில் பத்துக்கு ஒன்பது கிடைத்துவிடும். ஆனால் ரெசிப்ரோக்கல் லேட்டிஸ் என்றால் என்ன, அது எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பிரில்லவான் மண்டலம், பிளாக் தேற்றம், ஃபோனான் எல்லாமே இப்படித்தான். வரி வரியாக எழுதுகிறேன், கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

கிட்டெல் எழுதிய பாடப்புத்தகத்தைத் திறந்தால் முதல் அத்தியாயமே படிக அமைப்பு. ஆஷ்கிராஃப்ட்–மெர்மின் புத்தகத்தில் லேட்டிஸ் நான்காம் அத்தியாயத்தில்தான் வருகிறது, அதற்கு முன்னால் உலோகத்தில் எலக்ட்ரான் ஓடுவதைப் பற்றியே மூன்று அத்தியாயம். எதில் தொடங்குவது? கேட்டுத் தெளிய வீட்டுப் பக்கம் யாரும் இல்லை. அப்பா பச்சைத் தேயிலை பறித்து ஃபேக்டரிக்குக் கொடுப்பவர். இந்த மழையில் மாலை நேரத்தில் கரண்ட் நிற்பதில்லை, வீடியோ பார்த்துப் படிப்பதும் நடக்காது. பேனா, நோட்டு, இரண்டு புத்தகம். இதை வைத்துக்கொண்டு பிஎச்.டி. நுழைவுத் தேர்வு எழுதும் அளவுக்கு இந்தப் பாடத்தைப் படிக்க முடியுமா?

கூடலூர்_நெட் | ஞாயிறு, இரவு 9.15

முடியும் தங்கச்சி. நான் நெட் (கல்லூரி விரிவுரையாளர் தகுதித் தேர்வு) இரண்டாவது முயற்சியில் தேறியவன். பழைய வினாத்தாள்களை எடுங்கள். அமைப்புக் காரணி, ஒன்று இரண்டு மூன்று பரிமாணங்களில் நிலை அடர்த்தி, டீபை மாதிரி, டைட் பைண்டிங்கில் செயலுறு நிறை, ஹால் விளைவு. திரும்பத் திரும்ப இவைதான் வருகின்றன. பொருள் புரிவதெல்லாம் பிஎச்.டி. சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது நேரம் முக்கியம்.

குன்னூர்_ஆசிரியர் | ஞாயிறு, இரவு 10.30

கூடலூர் நண்பர் சொன்ன பட்டியல் சரிதான். ஆனால் "புரிவது பிறகு" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இருபது வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். புரியாமல் தேறி வந்த பிள்ளைகள் ஆய்வுக்கூடத்தில் முதல் ஆறு மாதம் படுகிற பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

மாணவிக்கு என் பதில்: ஆஷ்கிராஃப்ட்–மெர்மினில் தொடங்குங்கள். காரணம் சொல்கிறேன். லேட்டிஸ் எதற்கு வேண்டும் என்ற கேள்வி நமக்குள் எழுவதற்கு முன்பே லேட்டிஸைப் படித்தால் அது வெறும் வடிவியல். அந்தப் புத்தகம் முதலில் உங்களைத் தடுமாற வைக்கிறது. அந்தத் தடுமாற்றத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். செம்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கன சென்டிமீட்டரில் 8.5 × 10²² கடத்தும் எலக்ட்ரான்கள். அறை வெப்பநிலையில் மின்தடை எண் 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டர். 1900இல் ட்ரூட் எழுதிய சூத்திரத்தில் போட்டு மோதல்களுக்கு இடைப்பட்ட காலத்தை எடுங்கள். அதை வேகத்தால் பெருக்கி, ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் நடுவே எலக்ட்ரான் எவ்வளவு தூரம் போகிறது என்று இங்கே எழுதுங்கள். பிறகு பேசலாம்.

கோத்தகிரி_மாணவி | திங்கள், மாலை 7.20

போட்டேன் சார். காலம் 2.5 × 10⁻¹⁴ விநாடி. வேகத்துக்கு வாயுவைப் போலவே வெப்ப வேகம் எடுத்தேன், விநாடிக்கு 1.17 × 10⁵ மீட்டர். தூரம் சுமார் 29 ஆங்ஸ்ட்ராம். செம்பில் அடுத்தடுத்த அணுக்களின் இடைவெளி 2.55 ஆங்ஸ்ட்ராம். அப்படியானால் பத்துப் பதினோரு அணுக்களைத் தாண்டிய பிறகுதான் மோதுகிறதா? அயனிகளில் மோதுவதால்தான் மின்தடை என்று பள்ளியில் படித்தோமே.

குன்னூர்_ஆசிரியர் | திங்கள், இரவு 9.00

கணக்கு சரி, வேகம் தவறு. எலக்ட்ரான் வாயு அல்ல. பாலி விதிப்படி ஒரு நிலையில் ஒன்றுதான் உட்கார முடியும் என்பதால், மேல் விளிம்பில் இருப்பவை வெப்பநிலை பூஜ்யமானாலும் வேகமாகத்தான் ஓடும். செம்புக்கு ஃபெர்மி வேகம் விநாடிக்கு 1.57 × 10⁶ மீட்டர். இதைப் போட்டால் தூரம் சுமார் 390 ஆங்ஸ்ட்ராம் வரும். நூற்றைம்பது அணுக்களைத் தாண்டுகிறது. செம்பு சுத்தமாக இருந்து குளிரவைத்தால் இன்னும் பல மடங்கு தூரம் போகும்.

நெருக்கமாக அடுக்கிய அயனிகளுக்கு நடுவே ஒரு எலக்ட்ரான் எதிலும் இடிக்காமல் எப்படிப் போகிறது? இந்தக் கேள்விக்குத்தான் 1928இல் ஃபெலிக்ஸ் பிளாக் பதில் சொன்னார். ஒழுங்காக அடுக்கிய அயனிகள் அலைக்குத் தடையே இல்லை. ஒழுங்கு குலைகிற இடத்தில்தான் தடை. அணு அதிர்கிறது, அது ஃபோனான். இடையில் வேற்று அணு இருக்கிறது, அது மாசு. ஓர் இடம் காலியாக இருக்கிறது, அது குறைபாடு. பாடத்தின் பாதி இந்த மூன்றுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெப்பக் கடத்தலுக்கும் மின் கடத்தலுக்கும் உள்ள விகிதத்தை ட்ரூட் கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னார். அவர் எடுத்த தன்வெப்பம் ஏறக்குறைய நூறு மடங்கு அதிகம், வேகத்தின் இருமடி நூறு மடங்கு குறைவு, இரண்டு தவறும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விட்டன. விடை சரியாக வந்தால் மாதிரியும் சரி என்று நினைத்துவிடக் கூடாது. இந்த ஒன்றுக்காகவே முதல் மூன்று அத்தியாயத்தையும் விடாமல் படிக்கலாம்.

சில்வர்_ஓக் | செவ்வாய், காலை 6.40

நானும் அதே கோத்தகிரி பஸ்ஸில் போனவன்தான். இப்போது பெங்களூரில் பிஎச்.டி. மூன்றாம் ஆண்டு. ரெசிப்ரோக்கல் லேட்டிஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள். பஸ் ஜன்னலில் இருக்கிறது.

தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களைப் பாருங்கள். சதுரமாக, இருபது அடிக்கு ஒன்று என்று நட்ட தோட்டமாக வைத்துக்கொள்வோம். பஸ் நகர நகர ஒரு கோணத்தில் மரங்கள் வரிசையாகி நடுவில் அகலமான சந்து திறக்கும். கொஞ்சம் போனதும் அது மூடி, வேறு கோணத்தில் இன்னொரு சந்து திறக்கும், முன்னதைவிடக் குறுகலாக. முதல் வகைச் சந்தின் அகலம் 20 அடி. மூலைவாட்டில் திறப்பது 14 அடி. அடுத்தது சுமார் 9 அடி. சந்து அகலமாக இருந்தால் அதன் ஓரத்தில் மரங்கள் நெருக்கமாக நிற்கும், சந்து குறுகினால் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும். அகலத்தையும் மர இடைவெளியையும் பெருக்கினால் எப்போதும் 400 சதுர அடிதான். ஒரு மரத்துக்கு உரிய நிலம் அது, கோணத்தால் மாறாது.

இப்போது ஒரு தாளில் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். ஒவ்வொரு வகைச் சந்துக்கும், அந்தச் சந்துக்குச் செங்குத்தான திசையில் ஒரு புள்ளி, தொலைவு இரண்டு பை வகுத்தல் சந்தின் அகலம். அகலச் சந்துக்குப் பக்கத்தில் புள்ளி, குறுகிய சந்துக்குத் தூரத்தில் புள்ளி. அதே திசையில் இரட்டை தூரம், மும்மடங்கு தூரம் என்று மடங்குகளையும் வையுங்கள். எல்லாம் வைத்து முடித்தால் தாளில் வருவதுதான் ரெசிப்ரோக்கல் லேட்டிஸ். எக்ஸ் கதிரைப் படிகத்தில் விட்டுப் படமெடுத்தால் ஃபிலிமில் விழும் புள்ளிகள் இவற்றில் சிலதான். அதனால் அது கற்பனை வெளி இல்லை. அதைப் படம் பிடிக்க முடியும்.

இன்னொரு விதமாகவும் சொல்லலாம். எல்லா மரத்தடியிலும் ஒரே மதிப்பு வருகிற அலைகள் எவை என்று கேளுங்கள். அந்த அலைகளின் பட்டியலும் இதே புள்ளிகள்தான். அதனால்தான் ஒரு லேட்டிஸ் அதிர்வுடன் இந்தப் பட்டியலில் உள்ள எந்த அலையின் எண்ணைக் கூட்டினாலும் அணுக்களின் அசைவு மாறுவதில்லை. அணு இல்லாத இடத்தில் அலை என்ன செய்தாலும் அதைக் காட்ட அங்கே ஒன்றும் இல்லையே. எலக்ட்ரானுக்கு இது அப்படியே பொருந்தாது, அதன் அலை மரங்களுக்கு நடுவிலும் உண்டு. அதை எட்டாம் அத்தியாயத்தில் நிதானமாகப் பாருங்கள்.

கோத்தகிரி_மாணவி | செவ்வாய், இரவு 8.10

அண்ணா, இன்று போகும்போதும் வரும்போதும் ஜன்னலோரம் உட்கார்ந்து இதையே பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்று வகைச் சந்து எண்ண முடிந்தது, நான்காவது தெரிவதற்குள் மூடுபனி வந்துவிட்டது. வீட்டில் தாளில் வரைந்தேன். இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்த சூத்திரம் இதுதானா என்று இருக்கிறது.

இந்துநகர்_ஓய்வு | புதன், காலை 11.00

நான் ஊட்டி இந்து நகர் ஃபிலிம் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படித்தது பி.எஸ்சி. வேதியியல். நீங்கள் பேசுவதில் பாதி எனக்கு எட்டவில்லை, ஆனால் எக்ஸ் கதிர், ஃபிலிம், படிகம் என்று வந்ததும் எழுதத் தோன்றியது.

அம்மணி, ஃபிலிமின் மேல் பூசியிருப்பது ஜெலட்டினில் மிதக்கும் சில்வர் புரோமைடு படிகம். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மணிகள். சாயம் சேர்க்காத எக்ஸ்ரே ஃபிலிமை மங்கிய சிவப்பு விளக்கில் கையாளலாம், அதற்கு ஒன்றும் ஆகாது. நீல வெளிச்சம் ஒரு கணம் பட்டால் போதும், அந்தத் துண்டு வீண். ஏன் சிவப்புக்கு மட்டும் அது கண் மூடிக்கொள்கிறது என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன். "அது அப்படித்தான்" என்றார்கள். ஜெலட்டினும் எல்லாம் ஒன்றாக இருக்காது. ஒரு லாட் வேகமான ஃபிலிமைக் கொடுக்கும், இன்னொன்று மந்தமாக்கும். கந்தகம் துளியூண்டு இருந்தால் வேகம் கூடும் என்பது எங்களுக்குப் பழக்கத்தில் தெரியும். உங்கள் பாடத்தில் இதற்கெல்லாம் காரணம் இருக்கிறதா?

கொடை_பனி | புதன், இரவு 9.45

இருக்கிறது ஐயா. உங்கள் கேள்வியிலேயே மாணவியின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் கொடைக்கானலில் பிறந்து வளர்ந்தவள், இப்போது சமவெளியில் ஒரு கல்லூரியில் இதே பாடம் நடத்துகிறேன். எங்கள் ஊர் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். பல பத்தாண்டுகள் கண்ணாடித் தகட்டில் பூசிய வெள்ளி உப்புதான் அதைப் பதிவு செய்தது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வெள்ளி உப்புப் படிகத்தோடு பழகிய மனிதர்கள் இருந்தார்கள். இந்த மலைகளில் திண்மநிலை இயற்பியல் படிக்கிறவர் அந்த ஒரே படிகத்தை எடுத்துக்கொண்டு பாடம் முழுவதையும் கடக்கலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. பாடப்புத்தகம் ஓர் அத்தியாயத்தில் சோடியம், அடுத்ததில் வைரம், அதற்கடுத்ததில் ஆர்கான் என்று தாவும். எந்தப் பொருளோடும் பழக்கம் வராது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லா அத்தியாயத்தையும் அதனிடம் கேட்க வேண்டும்.

சில்வர் புரோமைடின் அமைப்பு நம் சமையல் உப்பைப் போன்றது. அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 6.47 கிராம், மூலக்கூறு நிறை 187.8. இதிலிருந்து கனக்கூட்டின் பக்கத்தை எடுங்கள். அப்புறம் அமைப்புக் காரணி, அதாவது ஒரு கூட்டின் அணுக்களில் சிதறும் அலைகள் சேர்ந்து தரும் மொத்தம். வெள்ளி அயனியில் 46 எலக்ட்ரான், புரோமைடில் 36. எக்ஸ் கதிர்ப் படத்தில் ஒரு புள்ளியைக் குறிக்கும் மூன்று மில்லர் எண்களும் இரட்டையாக இருந்தால் இரண்டும் சேர்ந்து 82, மூன்றும் ஒற்றையாக இருந்தால் கழிந்து 10. செறிவு இதன் இருமடி என்பதால் ஒற்றைப் புள்ளிகள் ஏறக்குறைய அறுபத்தேழில் ஒரு பங்குதான் தெரியும். பொட்டாசியம் குளோரைடில் இரண்டு அயனிக்கும் 18, அங்கே ஒற்றைப் புள்ளிகள் கிட்டத்தட்ட மறைந்தே போகும். அடிப்படைக் கூட்டில் இரண்டு அணு, ஆகவே ஆறு ஃபோனான் கிளைகள், மூன்று ஒலிக் கிளை, மூன்று ஒளிக் கிளை.

பட்டைகளை எண்ணுவோம். பட்டை என்பது படிகத்தில் எலக்ட்ரான் இருக்கக்கூடிய ஆற்றல்களின் தொகுதி. ஒரு பிரில்லவான் மண்டலத்தில் (ரெசிப்ரோக்கல் லேட்டிஸில் மற்றப் புள்ளிகளைவிட ஒரு புள்ளிக்கு அருகில் இருக்கும் பகுதி) எத்தனை அலை நிலைகள்? படிகத்தில் எத்தனை அடிப்படைக் கூடுகளோ அத்தனை. ஒவ்வொன்றிலும் இரண்டு எலக்ட்ரான். புரோமைடின் 4பி ஆர்பிட்டால்களில் ஆறு, வெள்ளியின் 4டி ஆர்பிட்டால்களில் பத்து, மொத்தம் பதினாறு. எட்டுப் பட்டைகள் முழுதாக நிரம்பிவிடும். மேலே இருப்பது காலிப் பட்டை, நடுவில் சுமார் 2.6 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி. 1240ஐ 2.6 ஆல் வகுத்தால் 477 நானோமீட்டர். நீலம். சிவப்பு ஒளித்துகளுக்கு எலக்ட்ரானை மேலே ஏற்றும் ஆற்றல் இல்லை. ஐயா கேட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். மற்ற நிறங்களையும் ஃபிலிம் உணர வேண்டுமென்றால் சாயம் சேர்க்க வேண்டும் என்று 1873இல் ஹெர்மான் ஃபோகல் கண்டுபிடித்தார்.

கந்தகத்துக்கு வருவோம். இந்தப் படிகத்தில் வெள்ளி அயனி தன் இடத்தை விட்டு இடுக்கில் போய் உட்காருவது சுலபம். அதுதான் ஃபிரெங்கல் குறைபாடு. அதை உண்டாக்கச் சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட் போதும். 1938இல் கர்னியும் மாட்டும் சொன்ன விளக்கம் இது: ஒளி ஏற்றிவிட்ட எலக்ட்ரான் படிகத்தில் அலைந்து ஒரு பொறியில் சிக்குகிறது. அங்கே எதிர் மின்சுமை சேர்வதால், இடுக்கில் திரியும் வெள்ளி அயனி ஈர்க்கப்பட்டு வந்து அணுவாகிறது. மறுபடி ஒரு எலக்ட்ரான், மறுபடி ஒரு அயனி. நாலு அணு சேர்ந்தால் போதும், டெவலப்பரில் அந்த மணி முழுவதும் கறுப்பாகிவிடும். கந்தகம் உண்டாக்கும் வெள்ளி சல்ஃபைடு புள்ளிதான் அந்தப் பொறி. 1920களில் கோடாக் ஆய்வுக்கூடத்தில் ஷெப்பர்ட் ஜெலட்டினில் இருந்த கந்தகச் சேர்மங்களைக் கண்டுபிடித்த பிறகுதான் ஒரு லாட்டுக்கும் இன்னொரு லாட்டுக்கும் உள்ள வேறுபாட்டின் காரணம் உலகத்துக்குத் தெரிந்தது. ஒரு மைக்ரோமீட்டர் பக்கமுள்ள கனமணியில் 2 × 10¹⁰ வெள்ளி அயனிகள் இருக்கும். அத்தனையின் தலையெழுத்தையும் நாலே நாலு அணு எழுதுகிறது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

இன்று ஆய்வகங்களில் தகட்டின் இடத்தில் சிலிக்கான் வந்துவிட்டது. இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட், அதனால் 1100 நானோமீட்டர் வரை தெரியும். கணக்கு அதேதான்.

இந்துநகர்_ஓய்வு | வியாழன், காலை 7.30

நாற்பது வருடமாக மனசில் இருந்த கேள்வி அம்மா. நன்றி. இதை என் பழைய சிநேகிதர்களுக்கும் வாசித்துக் காட்டப் போகிறேன்.

கூடலூர்_நெட் | வியாழன், மாலை 6.00

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சில்வர் புரோமைடில் மீக்கடத்தல் கிடையாது, ஃபெர்ரோ காந்தம் கிடையாது, ஃபெர்மி பரப்பும் கிடையாது. தேர்வில் இந்த மூன்றிலும் கேள்வி வரும். ஒரே பொருளை நம்பினால் அங்கே மதிப்பெண் போகும்.

இன்னொன்று, ஃபிரெங்கல் குறைபாட்டு எண்ணிக்கைச் சூத்திரத்தில், e-யின் அடுக்கில் வரும் ஆற்றலை இரண்டால் வகுக்க வேண்டும், ஏனென்றால் காலியிடமும் இடுக்கு அயனியும் சேர்ந்தே பிறக்கின்றன. நான் முதல் முறை எழுதியபோது அந்த இரண்டை விட்டுவிட்டேன். 1.1 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அறை வெப்பநிலையில் விடை நூறு கோடி மடங்குக்கு மேல் குறைந்துவிடும்.

கொடை_பனி | வியாழன், இரவு 8.20

நீங்கள் சொல்வது நியாயம், நான் ஒப்புக்கொள்கிறேன். உலோகத்துக்குச் செம்பை வைத்துக்கொள்ளலாம், ஆசிரியர் ஏற்கெனவே தொடங்கிவிட்டார். மீக்கடத்தலுக்கு ஈயம், 7.2 கெல்வினில் மின்தடை போய்விடும். காந்தத்துக்கு நம் வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனின் வழியைப் பாருங்கள். காந்தப் புலத்தில் ஒரு படிகத்தை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, அது எப்படித் திரும்புகிறது என்பதிலிருந்தே உள்ளே உள்ள அயனிகளின் சூழலைப் படித்தவர். மூன்று நான்கு பொருள் போதும், முப்பது வேண்டாம்.

அந்த இரண்டை நினைவுபடுத்தியதற்கு நன்றி. அதை எழுதாமல் விட்டது என் தவறு.

கோத்தகிரி_மாணவி | சனி, மாலை 5.30

நேற்று முழுவதும் கரண்ட் இல்லை, நோட்டிலேயே போட்டேன். கனக்கூட்டின் பக்கம் முதலில் 3.64 ஆங்ஸ்ட்ராம் வந்தது. புத்தக மதிப்பு 5.77. எங்கே தவறு என்று ஒரு மணி நேரம் தேடினேன். ஒரு கனக்கூட்டில் ஒரு சில்வர் புரோமைடு என்று எடுத்திருந்தேன், நான்கு இருக்கிறது. நான்கு போட்டதும் 5.78 வந்துவிட்டது. எஃப்.சி.சி.யில் நான்கு என்று தேர்வில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்!

இன்னொரு சந்தேகம். நூலகத்தில் ஒரு புத்தகத்தில், சில்வர் புரோமைடில் நிரம்பிய பட்டையின் உச்சி மண்டலத்தின் நடுவான காமா புள்ளியில் இல்லை, விளிம்பில் எல் புள்ளியில் இருக்கிறது, வெள்ளியின் டி-யும் புரோமினின் பி-யும் அங்கே கலப்பதுதான் காரணம் என்று இருந்தது. காமாவில் மட்டும் ஏன் கலக்கவில்லை?

குன்னூர்_ஆசிரியர் | சனி, இரவு 9.10

நல்ல கேள்வி, வரைந்தே பார்த்துவிடலாம். நடுவில் ஒரு வெள்ளி, இடமும் வலமும் ஒவ்வொரு புரோமின், இரண்டிலும் கிடையாக ஒரு பி ஆர்பிட்டால். காமாவில் எல்லாக் கூட்டிலும் அலை ஒரே குறியில் இருக்கும். எல் புள்ளியில் கிடையாக ஒரு கனப் பக்கம் நகர்ந்தால் குறி மாறும். இடது புரோமினும் வலது புரோமினும் சரியாக ஒரு கனப் பக்கம் தள்ளித்தான் இருக்கின்றன. வெள்ளியின் டி ஆர்பிட்டால் இரு பக்கமும் ஒரே குறி. இப்போது ஒன்றன்மேல் ஒன்று எப்படிப் படிகிறது என்று பாருங்கள்.

கோத்தகிரி_மாணவி | ஞாயிறு, காலை 6.15

பார்த்துவிட்டேன் சார். காமாவில் இரண்டு பி-யும் ஒரே திசையைப் பார்க்கின்றன. அதனால் ஒன்று வெள்ளியைத் தன் கூட்டல் மடலால் தொடுகிறது, மற்றொன்று கழித்தல் மடலால். இரண்டும் அடித்துக்கொண்டு பூஜ்யம். எல் புள்ளியில் ஒன்று புரண்டுவிடுகிறது, இரண்டும் ஒரே குறியோடு தொடுகின்றன, கூடுகின்றன. கலப்பு வந்து உச்சி மேலே தள்ளப்படுகிறது.

குன்னூர்_ஆசிரியர் | ஞாயிறு, காலை 8.00

சரி. இனி, காலிப் பட்டையின் அடி ஏன் காமாவிலேயே இருக்கிறது என்று பாருங்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் வெள்ளியின் 5எஸ். அதே படம்தான், நடுவில் டி-க்குப் பதில் எஸ் போடுங்கள்.